புளிக்காத மாவு

மங்கலம் அணை

பாலக்காட்டுப் பக்கம் கிறிஸ்தவர்களைப் பார்க்கப் போகிறேன் என்றதும் நாசரேத்தில் சித்தப்பா மகன் சிரித்தான். “பாலக்காடுன்னா அய்யர்மார் ஊருல்லாடே? கல்பாத்தித் தேர் பாக்கப் போறேன்னு சொல்லு.” அவன் சொன்னதில் பாதி சரி. கணவாயின் சமவெளி நெல்லும் அக்கிரகாரமுமாகத்தான் இருக்கிறது. வடக்கஞ்சேரியில் தெற்கே திரும்பி மலையடிவாரத்தை எட்டிவிட்டால் வேறு நாடு. ரப்பர் மரங்களில் சிரட்டை தொங்குகிறது. பலா மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. திண்ணைச் சுவரில் திருஇருதயப் படத்தின் கீழே சிவப்பு விளக்கு எரிகிறது.

நான் தங்கிய வீட்டு அம்மச்சி திருவிதாங்கூரின் பாலாவில் பிறந்தவர். கைக்குழந்தையாக அப்பனோடு இங்கே வந்தபோது இது மதராஸ் மாகாணம். திருவிதாங்கூரில் ஒரு ஏக்கரை விற்ற காசுக்கு இங்கே பல ஏக்கர் காடு கிடைத்த காலம். காட்டோடு காய்ச்சலும் கிடைத்தது. “வந்தவரில் பாதிப் பேரை மண்ணிலே வச்சோம், மோனே” என்கிறார், மரவள்ளிக் கிழங்கு நட்டதைச் சொல்லும் அதே குரலில்.

நான் போன நாள் ஓசானா ஞாயிற்றுக்கு, அதாவது குருத்தோலை ஞாயிற்றுக்கு, முந்தைய சனி. அன்று சுறியானிக் கிறிஸ்தவர் வீடுகளில் கொழுக்கட்டை. எங்கள் பக்கத்தில் கொழுக்கட்டை பிள்ளையாருக்கு உரியது. கிறிஸ்தவ வீட்டில் அவித்தால் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். இங்கே அது பெத்தானியாவில் மார்த்தா வைத்த விருந்தின் நினைவு. பஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு இயேசு லாசருவோடு பந்தியில் இருந்தார் என்று யோவான் எழுதியிருக்கிறாரே, அந்தக் கணக்கு. ஐம்பது நோன்பு நடப்பதால் பாலும் முட்டையும் இல்லை. தேங்காயும் வெல்லமும் மட்டும்.

பஸ்காவை வைத்து நாள் எண்ணும் கிறிஸ்தவர்களைப் பார்க்கத்தான் வந்தேன். எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் பிரசங்கம் என்றால் நியாயப்பிரமாணம் ஒரு தட்டில், கிருபை மறு தட்டில். மோசேயின் சட்டம் பழைய கடன், சிலுவையில் அடைந்துவிட்டது, இனி ஏன் பேச்சு? அப்படிக் கேட்டே வளர்ந்தவனுக்கு, மலையாளத்துக் கிறிஸ்தவர் யூதரைப்போலப் பஸ்கா அப்பம் பிட்கிறார்கள் என்ற செய்தி ஒரு உறுத்தல்.

அம்மச்சியிடம் வேறு பழைய முறைகள் உண்டா என்று கேட்டேன். “என் அம்மை பிள்ளை பெத்தா நாப்பது நாள் பள்ளிக்குப் போகமாட்டாள். குளிச்சு, அச்சன் வாழ்த்தின பிறகுதான்.” பள்ளி என்றால் இங்கே கோவில், அச்சன் என்றால் பாதிரியார். அவர் சொன்னது லேவியராகமம் 12. ஆண் குழந்தைக்கு நாற்பது, பெண் குழந்தைக்கு எண்பது. 1599 ஜூனில் கோவாப் பேராயர் மெனசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சூனகதோசு, அதாவது திருச்சபைப் பேரவை, இந்த வழக்கத்தைக் காலாவதியான யூதச் சடங்கு என்று தடை செய்தது. அவருடைய கண்ணுக்கு அது அப்படித் தெரிந்ததில் வியப்பில்லை. போர்த்துகலில் கட்டாயத்தில் மதம் மாறிய யூதர்கள் வீட்டுக்குள் பழைய சட்டத்தைக் காக்கிறார்களா என்று மத விசாரணை மன்றம் அடுப்படிவரை மோப்பம் பிடித்த காலம் அது. சனிக்கிழமை அடுப்பு எரிகிறதா, பன்றி இறைச்சியை ஒதுக்குகிறார்களா என்று வேலைக்காரியைக் கேட்பார்கள். 1560 முதல் கோவாவிலும் அந்த விசாரணை மன்றம் இருந்தது. அந்தக் கண்ணோடு மலையாளக் கரைக்கு வந்தவருக்குப் பிரசவித்த பெண் வீட்டில் இருப்பதுகூடக் குற்றமாகத் தெரிந்தது. மரியாளே குழந்தையோடு சுத்திகரிப்பு நாள் கழித்துத்தான் ஆலயத்துக்குப் போனாள். அதற்குப் பிப்ரவரி 2 திருநாள். மெனசிஸும் அன்றைக்கு மெழுகுவர்த்தி ஏந்தியிருப்பார்.

உதயம்பேரூர்த் தடைக்கு முந்நூற்றைம்பது வருடம் கழித்தும் அம்மச்சியின் அம்மா நாற்பது நாள் எண்ணியிருக்கிறார். அம்மச்சியிடம் லேவியராகமம் என்றதும், “அதெல்லாம் பெந்தக்கோஸ்துக்காரர் வாசிக்கிறது” என்று சிரித்தார்.

கோவிந்தாபுரம் – சின்னாறு

பாலக்காட்டில் இருந்து இடுக்கிக்குக் கேரளத்துக்குள்ளேயே சுற்றிப் போகலாம். தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஏறுவதே நேரான வழி. நென்மாறையில் வேலா திருவிழா முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலமடையில் சாலையின் இருபுறமும் மாந்தோப்பு. காய் பறித்துக் கூடையில் அடுக்கும் பெண்கள் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் பேசினார்கள். கோவிந்தாபுரம் தாண்டியதும் டீக்கடையின் கட்டன் காப்பி வரக்காப்பி ஆனது. பொள்ளாச்சி, உடுமலை, அமராவதி அணை. பிறகு முள்காடு.

சின்னாறு மழைமறைவுக் காடு. மலையின் மறுபக்கம் பெருமழை கொட்டும்போதும் இங்கே கற்றாழை நிற்கும். ஓட்டுநர் யானைக்காக நின்ற இடத்தில் யானை வரவில்லை, சாம்பல் அணில் ஒன்று தலைக்குமேல் கிளை தாவியது.

மறையூர்

மறையூருக்குள் நுழையும்போதே பாகு வாசனை. கரும்புக் காட்டின் நடுவில் ஓலைக் கொட்டகை. உள்ளே ஆலை, கொப்பரை, கீழே எரியும் சக்கை. காய்ந்த பாகை மரத்தொட்டியில் கொட்டி ஆறவிட்டு, சூடு தாங்கும் பதத்தில் கையாலேயே உருட்டுகிறார்கள். அச்சு கிடையாது. ஒவ்வோர் உருண்டையிலும் விரல் தடம் இருக்கும். இந்த வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருட்டுபவர்கள் பெரும்பாலும் தமிழர். பாட்டன் காலத்திலேயே அஞ்சுநாடு என்ற இந்தப் பகுதிக்கு வந்து தங்கியவர்களும், உடுமலைப் பக்கமிருந்து பருவத்துக்கு வருபவர்களும் உண்டு.

கொப்பரைக்காரர் கண்ணனூர் அம்மனைக் கும்பிடுபவர். ஆனால் நோன்புக் கணக்கு அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. “பெரிய வியாழனுக்கு முன்னாடி கட்டப்பனை, தொடுபுழைக் கடைக்காரங்க விடமாட்டாங்க சார். அந்த ராத்திரி அவங்க பால் காச்சணும். அதுக்கு இந்தக் கறுத்த வெல்லந்தான் வேணும்பாங்க. வெள்ளை வெல்லம் போட்டா அம்மச்சிமாரு திருப்பி அனுப்பிடுவாங்க.” எகிப்தில் இருந்து புறப்பட்ட ஓர் இரவை நினைவுகூர மறையூரில் தமிழன் கரும்பு ஆட்டுகிறான். யாத்திராகமத்தை எழுதியவர்கள் எதிர்பார்க்காத விநியோகச் சங்கிலி.

கொட்டகைக்கு மேலே பாறைச் சரிவில் முனியறைகள். பெருங்கற்காலத்துக் கல்லறைகளின் மூடுகல்லில் உட்கார்ந்து பையன்கள் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூணாறு

தேயிலை மலையில் தமிழ் கேட்டால் எனக்கு எப்போதும் சற்று நிமிர்ந்து உட்காரத் தோன்றும். இந்த மலைகளை வெட்டித் திருத்திய கைகள் நம்முடையவை. கங்காணி கூட்டிவந்தவர்களில் திருநெல்வேலிக்காரர்களும் உண்டு. அவர்களோடு வேதமும் ஞானப்பாட்டும் மலையேறின. 1911இல் கட்டிய சி.எஸ்.ஐ. ஆலயத்தின் கல்படியில், தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கிடைத்தார். தாத்தா பாளையங்கோட்டைப் பக்கம். நான் நாசரேத் என்றதும், “அப்ப நம்ம ஆளு” என்று துண்டை உதறி இடம் கொடுத்தார்.

பெசஹா என்று மலையாளத்தில் சொல்லும் பஸ்கா அப்பம் பற்றிக் கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். “இங்க மலையாளத்தார் வீட்ல உண்டு. நமக்கு ஏன் தம்பி அதெல்லாம்? நாம கிருபைக்காரங்க. வியாழக்கிழமை சாயங்காலம் ஆராதனை, இராப்போஜனம், முடிஞ்சது. வீட்ல வந்து சட்டம் வைக்கிறதுக்கு யூதனா நாம?”

இந்தக் கேள்வியைத்தான் ஏறத்தாழ கி.பி. 49இல் எருசலேமில் கூடிப் பேசினார்கள். யூதரல்லாதவர் இயேசுவை நம்பினால் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா, மோசேயின் சட்டம் முழுவதையும் சுமக்க வேண்டுமா? யாக்கோபு ஒரு நடுவழி சொன்னார். சட்டம் முழுவதும் வேண்டாம். விக்கிரகத்துக்குப் படைத்தது, வேசித்தனம், நெரித்துக் கொன்றது, இரத்தம் ஆகிய நான்கை மட்டும் விலக்கினால் போதும். நான்கில் மூன்று சாப்பாட்டுச் சமாச்சாரம். அந்தியோகியாவில் பவுலும் பேதுருவும் முகத்துக்கு நேரே மோதிக்கொண்டதும் பந்தியில்தான். யாக்கோபின் ஆட்கள் எருசலேமில் இருந்து வந்ததும் பேதுரு யூதரல்லாதவர்களோடு சேர்ந்து உண்பதை நிறுத்திக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரியவரிடம் நான் சட்டாம்பிள்ளை பேச்சை எடுத்தேன். “முக்குப்பேரிக்காரரா? எங்க தாத்தா அவரைப் பத்தித் திட்டிக்கிட்டே இருப்பாராம்.” எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம் முக்குப்பேரி. அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை எஸ்.பி.ஜி. மிஷனில் உபதேசியாராக இருந்தவர். எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர். நாசரேத்தில் இருந்த மிஷனரி கெமரரோடு மோதி வெளியேறினார். கால்டுவெல் 1849இல் சாணார் பற்றி எழுதிய சிறுநூல் அவர் சமூகத்தையே சிறுமைப்படுத்தியதாகக் கொதித்தார். 1857இல் தனிச் சபை தொடங்கினார்: இந்து கிறிஸ்தவ சபை. வெள்ளைக்காரன் பணம் வேண்டாம், குருவும் வேண்டாம். சனிக்கிழமை ஓய்வுநாள். பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள். ஆராதனையில் தூபம், சாஷ்டாங்கம்.

சிறுவயதில் அவரைப் பற்றிக் கிறுக்கர் என்ற பொருளில்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஐரோப்பியக் கிறிஸ்தவம் இயேசுவின் வேரை வெட்டிவிட்டது, யூதச் சடங்கு நம் ஊர்ச் சடங்குக்கு அதைவிட நெருக்கம் என்பது அவர் வாதம். மிஷனரிக்கு மேலே ஒரு படி ஏற அவர் பிடித்த ஏணி மோசேயின் சட்டம். அதன் ஒவ்வொரு படியையும் அவர் புத்தகத்தைப் படித்துத்தான் செய்தார். மங்கலம் அணை அம்மச்சியோ ஒரு வரியும் படிக்காமல் அதே ஏணியில் உட்கார்ந்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் நாள் அட்வெந்திஸ்து மிஷனரிகள் தென்தமிழகத்துக்கு வந்தபோது, சனிக்கிழமையைக் காப்பவர்கள் பிரகாசபுரம் வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்தார்கள். அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்த சரக்கு இங்கே முன்பே விற்பனையில்.

பெரியவர் கேட்டுவிட்டு, “படிச்சவன் செஞ்சா சபை, படிக்காதவன் செஞ்சா மூடநம்பிக்கை” என்றார். நான் குறித்துக்கொண்டேன்.

படமுகம்

அடிமாலியில் இருந்து கல்லார்குட்டி வழியாக முரிக்காசேரிப் பக்கம் போகும் சாலை ஏறியும் இறங்கியும் வயிற்றைக் கலக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கொக்கோத் தோட்டம், ஒரு குருசடி. படமுகம் கோட்டயம் உயர்மறைமாவட்டத்தின் கீழ் வரும் க்னானாயப் பங்கு. க்னானாயக்காரர்கள் தங்களைத் தெக்கும்பாகர் என்கிறார்கள். கி.பி. 345இல் க்னாயித் தொம்மனோடு மெசபொத்தாமியாவில் இருந்து கொடுங்கல்லூருக்குக் கப்பலேறி வந்த 72 குடும்பங்களின் வாரிசுகள், யூத வழியில் வந்த கிறிஸ்தவர்கள் என்பது அவர்களின் மரபு. சமூகத்துக்கு வெளியே மணமுடிப்பதில்லை. 1911இல் பத்தாம் பயஸ் அவர்களுக்கென்றே கோட்டயத்தில் தனி விகாரியாத்து ஏற்படுத்தினார்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டில் மதியக் கஞ்சி. சம்மந்தித் துவையல், பயறு, கண்ணிமாங்காய். அவருடைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக் காட்டினார். முந்தைய நாள் மாலை மாப்பிள்ளைக்கு முகச்சவரம் செய்யும் அந்தம் சார்த்தல். பெண்ணுக்கு மைலாஞ்சி. தாய்மாமனுக்கு முதல் மரியாதை. அப்போது பாடும் பழம்பாட்டுகளைப் புத்தன்புரக்கல் உதுப்பு லூக்கோஸ் திரட்டி 1910இல் அச்சிட்டார். “கொச்சி யூதப் பெண்கள் பாடுற கல்யாணப் பாட்டும் இதுவும் அக்கா தங்கச்சி மாதிரி சாரே” என்றார். கண்ணில் பெருமை.

அடுத்த பக்கத்தில் மகளின் கல்யாணம். மாப்பிள்ளையும் சுறியானிக் கத்தோலிக்கன்தான், ஆனால் க்னானாயம் அல்லாத வடக்கும்பாகன். திருமணத்துக்குப் பிறகு மகள் பெயர் இந்தப் பங்கின் பதிவேட்டில் இல்லை. பேரனின் ஞானஸ்நானம் வேறு பள்ளியில் நடந்தது. அவள் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு எங்கும் போய்விடவில்லை. இந்த வீட்டுப் பள்ளிக்கு மட்டும் அந்நியள். யூத ரபிகள் தாய் வழியே கணக்கு எடுப்பார்கள்; இங்கே தாய் தந்தை இருவரும் உள்ளேயே இருந்தாக வேண்டும். சமூகத்துக்குள்ளேயே இதை எதிர்த்து வழக்காடுபவர்கள் உண்டு. வெளியே மணமுடித்ததற்காக ஒருவரின் உறுப்பினர் உரிமையைப் பறிக்க முடியாது என்று 2021இல் கோட்டயம் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, மேல்முறையீடுகள் தொடர்ந்தன.

ஆசிரியரிடம் நேராகவே கேட்டேன்: யூதனும் கிரேக்கனும் என்ற பிரிவு கிறிஸ்துவில் இல்லை என்று பவுல் வாதாடினாரே? அவர் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே, எஸ்றா எழுதியதையும் படிக்க வேண்டுமல்லவா என்றார். பாபிலோனில் இருந்து திரும்பியவர்கள் அந்நிய மனைவிகளை அனுப்பிவிட்ட கதை. நான் ரூத்தைச் சொன்னேன். மோவாபியப் பெண், தாவீதின் கொள்ளுப்பாட்டி. “அதையும் நான் இருபது வருஷம் வேதபாட வகுப்பில் நடத்தியவன்தான்” என்றார். அவர் மனைவி பேரனின் படத்தைச் சட்டத்தோடு எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினார். வாதத்துக்கு அவர் பங்களிப்பு அவ்வளவே; போதுமானது என்றே நினைக்கிறேன்.

345ஆம் ஆண்டுக் கதையை வரலாற்றாசிரியர்கள் பலவிதமாக வாசிக்கிறார்கள். இரத்த வழி நிரூபணமாகாவிட்டால்தான் என்ன என்று எனக்குத் தோன்றியது. கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்துகள் மூன்று வகை எழுத்தில் உள்ளன: பகலவி, அரபியில் கூஃபி, எபிரேயம். எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் கையெழுத்திட்டவர்கள் யூத வணிகர்கள். கிறிஸ்தவப் பள்ளியின் நிலத்துக்கு யூதன் சாட்சி. ஒரே துறைமுகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கடை போட்டவர்களுக்கு அப்பம் சுடும் முறை தெரிந்துகொள்ள வம்சம் எதற்கு? பக்கத்து வீடு போதும். இதை ஆசிரியரிடம் சொல்லவில்லை.

கட்டப்பனை

கடைப் பலகைகளை வாசித்தாலே பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் கலந்து வரும்: சாக்கோ, அவிரா, இட்டூப், மத்தாயி, பத்ரோஸ். யாக்கோபு சாக்கோ ஆகவும் ஆபிரகாம் அவிராவாகவும் தேய்ந்து, இரண்டாயிரம் வருடப் புழக்கத்தில் வழுவழுப்பாகிவிட்டார்கள். முதல் பேரனுக்கு அப்பன் வழித் தாத்தாவின் பெயர் என்பது விதி. ஆகையால் பெயர்கள் தீர்வதில்லை.

பெசஹா வியாழன். நான் தங்கிய வீட்டில் ஏலத்தோட்டமும் நான்கு ஆடும் ஒரு தொண்ணூறு வயது அம்மச்சியும் இருந்தார்கள். மாலை பள்ளியில் அச்சன் பன்னிரண்டு பேரின் கால் கழுவினார். அதற்கு முன்பே அடுக்களையில் வேலை தொடங்கிவிட்டது. வறுத்த அரிசிமாவு, அரைத்த உளுந்து, தேங்காய், சின்ன உள்ளி, பூண்டு, சீரகம். அரிசியும் உளுந்தும் எங்கள் வீட்டிலும் தினம் சேர்கிறவைதான். ஆனால் ராத்திரி முழுக்க வைத்துப் பொங்கவிடுவதில் அல்லவா எங்கள் சாமர்த்தியம். இங்கே உளுந்து அரைத்தவுடன் கொட்டி அவித்துவிட வேண்டும். ஒரு குமிழி கிளம்பக்கூடாது. மருமகள் சற்றுநேரம் போன் பேசப் போனபோது அம்மச்சி உள்ளே இருந்து போட்ட சத்தத்தில் ஆடு கத்தியது.

மாவை வட்டத் தட்டில் ஊற்றி, ஓசானா ஞாயிறன்று பள்ளியில் வாங்கிய குருத்தோலையைக் கிள்ளிச் சிலுவையாக நடுவில் வைத்தார்கள். அது இந்றியப்பம். சிலுவை வைக்காத தட்டுகளும் வெந்தன. பாலுக்குத் தேங்காய்ப்பால், ஏலம், சுக்கு, மறையூர் வெல்லம். நோன்பு என்பதால் பசும்பால் அடுப்பருகில்கூட வரவில்லை.

ஐரோப்பிய யூதர்கள் மரபாகப் பஸ்காக் காலத்தில் அரிசியும் பருப்பும்கூட விலக்குவார்கள். ஸ்பானிய வழியினரும் கிழக்கத்திய யூதர் பலரும் அரிசி உண்பார்கள். ஆக, இந்த உளுந்தப்பத்தை ஒரு போலந்து ரபி தொடமாட்டார். ஆட்டுக்குட்டியும் இல்லை, நான்கு ஆடுகளும் தொழுவத்தில் பத்திரமாக இருந்தன. யாத்திராகமம் 12இன் கட்டளைகளில் மிஞ்சியவை புளிப்பில்லாமை, இரவு, வீடு. வீடு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மற்ற எல்லாத் திருச்சடங்கும் கோவிலுக்குள் போய்விட்டது, குருவின் கைக்குப் போய்விட்டது. இது ஒன்று குடும்பத் தலைவன் கையில் நிற்கிறது. மெனசிஸின் ஆட்கள் பள்ளிகளுக்குள் புகுந்து சுறியானி ஏடுகளை எரிக்க முடிந்தது. எல்லா அடுக்களையிலும் ஆளைப் போட முடியவில்லை.

விளக்கேற்றி, ஜெபமாலை முடிந்து, வேதவாசிப்பு. பிறகு குடும்பத் தலைவரான அப்பச்சன் எழுந்து கை கழுவி அப்பத்தை வெட்டினார். மூத்தவருக்கு முதல் துண்டு. அம்மச்சி இரு கையாலும் வாங்கிக்கொண்டார். வயது வரிசையில் எல்லோரும். அப்பச்சன் என்னைப் பார்த்து, “மாமோதீசா முங்கினதல்லே?” என்றார். ஆம் என்றேன். சிலுவையப்பம் ஞானஸ்நானம் பெற்றவருக்கு மட்டும் என்பது இந்த வீட்டு முறை. சிலுவையில்லாத தட்டு மற்ற அயலாருக்கு. விருத்தசேதனம் இல்லாதவன் பஸ்காவை உண்ணலாகாது என்ற பழைய வேலி, கத்திக்குப் பதில் தண்ணீரோடு இங்கே வந்து நின்றிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. வேலிக்கு உள்ளே விட்டார்கள் என்பதால் பிடிக்காமல் போனதை வெளியில் சொல்லவும் இல்லை. அப்பம் உப்பும் பூண்டுமாக நன்றாகவே இருந்தது. பாலில் தோய்த்ததும் இன்னும் நன்று.

சாப்பிட உட்காருமுன் மருமகள் ஒரு சிலுவையப்பத்தை வாழையிலையில் மூடி, தூக்கில் பால் ஊற்றிக்கொண்டு டார்ச்சோடு கிளம்பினாள். கீழ்வீட்டில் கார்த்திகையில் ஒரு சாவு. ஆண்டு திரும்பாத வீட்டில் பெசஹா அவிக்கக் கூடாது; அக்கம்பக்கத்தார் கொடுக்க வேண்டும். அந்த வீட்டுக்கு எத்தனை அப்பம் போயிருக்கும் என்று கேட்டேன். “போன வருஷம் நமக்குப் பதினாலு வந்தது, பெரியப்பச்சன் போனப்போ” என்றான் சின்னவன். “மூணு நாள் அதையே தின்னோம்.” இந்தச் சட்டத்தை யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை. யாத்திராகமத்தில் இல்லை. வீட்டில் ஆள் குறைவாக இருந்தால் அயல்வீட்டாரோடு சேர்ந்து ஓர் ஆட்டுக்குட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் அதில் உண்டு. அங்கிருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்ததோ, மோசேயே பார்த்தால் ஆட்சேபிக்கமாட்டார். தேவைப்படுபவர் வீட்டுக் கதவை இந்தச் சட்டம் தட்டுகிறது. படமுகத்துச் சட்டம் கதவைச் சாத்துகிறது. இரண்டையும் காப்பவர்கள் ஒரே மாதிரி நல்லவர்கள் என்பதுதான் சங்கடம்.

கம்பம்மெட்டு

வெள்ளிக்கிழமை காலை வண்டன்மேட்டு ஏலக்காடுகளுக்கு நடுவே மரச்சிலுவை சுமந்து ஊர்வலங்கள். குரிசுமலை ஏறப் போகிறார்கள். தமிழ்ப் பெண்களை ஏற்றிவரும் ஜீப்புகள் அன்று குறைவு. பக்கத்தில்தான் கல்லார் பட்டம் காலனி. தேவிகுளம் பீருமேடு யாருக்கு என்ற சண்டை கொதித்த 1955இல், பட்டம் தாணுப்பிள்ளை அரசின் திட்டத்தில் சமவெளி நாட்டில் இருந்து மலையாளிகளைக் குடியேற்றிய நிலம். எல்லை கேரளத்துக்குப் போனது. ஏலக்காய் பறிக்கும் கை இன்னும் கீழே கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தே ஏறிவருகிறது.

ஒரு பள்ளி முற்றத்தில் ஆராதனை முடிந்து வரிசை நின்றது. சின்னக் குவளையில் பாகற்காய்ச் சாறு. கைப்புநீர் என்பார்கள். சிலுவையில் இயேசுவுக்குக் காடி கொடுத்ததன் நினைவு என்றார் கோவில்பிள்ளையான கப்யார். பஸ்கா இரவில் கசப்பான கீரையோடு உண்ண வேண்டும் என்பதும் அதே யாத்திராகமத்துக் கட்டளைதான், அது ஒருநாள் பிந்தி வந்துவிட்டதோ என்று கேட்டேன். கப்யார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னொரு குவளை தந்தார். பிறகு பயறும் கஞ்சியும்.

கம்பம்

சனிக்கிழமை காலை கம்பத்தில் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மெஸ். எதிரில் வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் உறையிட்ட வேதாகமம். நெடுங்கண்டத்தில் பெந்தக்கோஸ்து சபை நடத்தும் பாஸ்டர். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் விசுவாசிகளுக்கு ஜெபக்கூட்டம் நடத்த இறங்கியவர். பெசஹா பார்த்துவந்த கதையைச் சொன்னேன். கையை வீசி மறுத்தார். “அப்பம், பால், குருத்தோலை எல்லாம் மனுஷ ஏற்பாடு பிரதர். நியாயப்பிரமாணம் சிலுவையோட தீர்ந்தது. நாங்க பெரிய வெள்ளிகூடக் கொண்டாடுறதில்லை.”

மெஸ்காரர் வந்து இட்லிக்குக் குடல் குழம்பு இருக்கு, இரத்தப் பொரியல் சூடா இருக்கு என்றார். பாஸ்டர் தட்டை இழுத்துக்கொண்டார்.

“எனக்கு இரத்தம் வேண்டாம். விசுவாசிகள் சாப்பிடக்கூடாது.”

“அது யார் சொன்னது பாஸ்டர்?”

“அப்போஸ்தலர் பதினைந்து. யாக்கோபு சொன்னது. புதிய ஏற்பாட்டிலேயே இருக்கே.” சொல்லிவிட்டு வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தைத் தேடத் தொடங்கினார். எண்ணெய்க் கை படாமல் முழங்கையால் தாள் புரட்டிக்கொண்டிருந்தார்.

மெஸ்காரர் கரண்டியோடு என் பக்கம் திரும்பினார். “அண்ணே, உங்களுக்கு?”

“ஒரு பிளேட் வைங்க” என்றேன்.